அடுப்பு மூட்டாத அமுது



குழந்தையின் பசி நேரம் பார்த்து வருவதில்லை. தாயின் கை ஓய்ந்திருக்கும் வேளையை அறிந்து அது அழுவதுமில்லை. மாரிகாலத்தில் விறகு நனைந்து கிடக்கும்போதும், புகையிரதம் நடுவழியில் நெடுநேரம் தரித்து நிற்கும்போதும், மலைநாட்டிலே கொழுந்து பறிக்கச் சென்ற தாய் திரும்புமுன் பிள்ளைக் காம்பராவிலே குழந்தை விழித்துக்கொள்ளும்போதும் அதற்குப் பசிக்கவே செய்யும். அத்தகைய வேளைகளில் நம் வீடுகளில் நடப்பது யாது? கடையில் வாங்கிய பிஸ்கற் ஒன்றைத் தேநீரில் தோய்த்துக் குழந்தையின் வாயில் வைக்கின்றோம். அழுகை அடங்குகின்றது, பசியும் அடங்கிற்று என்று நாம் அமைதி கொள்கின்றோம். உண்மையிலே அக்குழந்தைக்குக் கிடைத்தது சீனியும் மாவும் சாயமும் மாத்திரமே. வளரும் உடம்புக்கு வேண்டிய புரதமோ இரும்புச் சத்தோ அதனுள் போதியளவு இல்லை. தேயிலைச் சாயம், உண்ட உணவிலுள்ள சிறிதளவு இரும்புச் சத்தையும் உடம்பிற் சேரவிடாது தடுக்கும் இயல்புடையது.

அடுப்பு மூட்ட இயலாத வேளை எல்லோர்க்கும் வருவது. 1978ஆம் ஆண்டு நவம்பரிலே மட்டக்களப்பைப் பெரும்புயல் தாக்கியபோதும், 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்தபோதும், அடுப்பிருந்த வீடுகளே இல்லாது போயின. 2022ஆம் ஆண்டில் வீடுகள் இருந்தன. எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. கொள்கலனைச் சுமந்து நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுள் கைக்குழந்தையுடைய பெற்றோர் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கும் ஓடி விளையாடும் சிறு பிள்ளைக்கும், அடுப்பின் உதவியின்றி, பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஆயத்தஞ் செய்து ஊட்டத்தக்க தானிய உணவுகள் சிலவற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். அடுப்பு மூட்டாத உணவு என்பது வேகாத உணவு அன்று. நம் அடுக்களையில் அவ்வேளை தீ மூளவில்லையாயினும், அத்தானியம் நம் கைக்கு வருமுன்னரே எங்கோ ஓரிடத்தில் தீயைக் கண்டிருத்தல் வேண்டும். தீக் கண்ட தானியம் எது, காணாத தானியம் எது என்று பிரித்தறிவதே இதன் இரகசியம். ஏனையவெல்லாம் கைப்பழக்கம்.

இதன் காரணத்தைச் சிறிது நோக்குவோம். அரிசி, குரக்கன், சோளம், கோதுமை ஆகிய எல்லாவற்றினுள்ளும் மாப்பொருள் சிறு சிறு மணிகளாக இறுகி அடைபட்டுக் கிடக்கின்றது. நீரும் வெப்பமும் ஒருங்கே சேரும்போது அம்மணிகள் நீரை உறிஞ்சி வீங்கி நெகிழ்ந்து விரிகின்றன. விரிந்த மாப்பொருளே எளிதிற் செரிக்கும். பச்சை மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் கைக்குழந்தையின் குடலில் இன்னும் முற்றவில்லை. உண்டால் வயிறு பொருமும், ஊட்டமும் சேராது. அன்றியும், வயலிலும் களத்திலும் ஆலையிலும் தானியத்தில் ஒட்டிய கிருமிகள் மாவாக அரைத்தபின்னும் அழிவதில்லை. 2016ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் பலரைத் தாக்கிய ஒருவகைக் குடற்கிருமி நோய்க்குக் காரணம் தேடிச் சென்றவர்கள், பச்சைக் கோதுமை மாவிலேயே வந்து நின்றார்கள். எனவே பச்சை மாவைத் தண்ணீரிற் குழைத்துக் குழந்தைக்குக் கொடுத்தல் எக்காலத்தும் ஆகாது.

இனி, தீக் கண்ட தானியங்கள் எவை? அவற்றுள் முதலிடம் நம் அவலுக்கே உரியது. நெல்லை ஊறவைத்து, சூடேற்றி, அச்சூடு ஆறுமுன் உரலில் இட்டு இடித்துத் தட்டையாக்கினால் அவல் கிடைக்கின்றது. நீரும் தீயும் இடியும் ஒருங்கே கண்ட தானியம் அது. நீர் பட்டவுடன் நெகிழ்வதும் அதனாலேயே. அடுத்தது பொரி. சுடுமணலில் இட்ட தானியத்தின் உள்ளீரம் ஆவியாகி வெடித்து அதனைப் பூப்போல் விரிக்கின்றது. இக்காலத்தில் நம் கடைகளிற் பரவலாகக் கிடைக்கும் ஓட்ஸ் செதிலும் ஆலையிலே நீராவியில் அவித்து உருளையிட்டு நசுக்கப்பட்டதே.

மேல்நாட்டார் குழந்தை உணவில் கண்ட வழியும் இதுவே. 1867ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் வெவே என்னும் ஊரிலே ஹென்றி நெஸ்லே என்பவர், சுட்ட கோதுமை ரொட்டியைப் பொடியாக்கிப் பாலும் சீனியும் சேர்த்துக் குழந்தைகளுக்கென ஒரு மாவை விற்பனை செய்தார். 1930ஆம் ஆண்டையடுத்துக் கனடாவின் ரொறன்ரோ நகரத்துச் சிறுவர் மருத்துவமனையைச் சேர்ந்த ரிஸ்டால், டிறேக், பிறவுண் என்னும் மருத்துவர்கள், கோதுமையும் ஓட்ஸும் சோளமும் பிறவும் கலந்து முன்னரே வேகவைத்து உலர்த்திய ஓர் உணவை உருவாக்கினர். பப்ளம் என்பது அதன் பெயர். நீரோ பாலோ விட்டுக் குழைத்தாற் போதும். மேலும் வேகவைக்க வேண்டியதில்லை. நம் நாட்டிலே 1973ஆம் ஆண்டில் தொடங்கிய திரிபோஷாத் திட்டமும் இவ்வழியில் வந்ததே. சோளத்தையும் சோயா அவரையையும் இயந்திரத்திலே அழுத்தி, கடும் வெப்பத்தில் வேகவைத்து மாவாக்கி, பாற்பொடியும் உயிர்ச்சத்துக்களும் கனியுப்புக்களும் சேர்த்துச் செய்வது திரிபோஷா. ஆற்றல், புரதம், நுண்சத்துக்கள் ஆகிய மூன்றையும் தருவது என்பதே அதன் பெயர்க்காரணம். ரொறன்ரோவின் மருத்துவர்கள் இயந்திரங் கொண்டு செய்ததும், நம் ஊர்ப் பெண்கள் உரலும் உலக்கையுங் கொண்டு அவலிடித்ததும் அடிப்படையில் ஒரே தொழில் என்பதை எண்ணிப் பார்த்தல் இன்பமானது.

தீயைக் கண்டதுபோல் தோன்றியும் முற்றாகக் காணாதவை சில உள. இங்கேதான் நம்மவர் தவறுவதுண்டு. பிட்டுக்கும் இடியப்பத்துக்குமென நாம் வைத்திருக்கும் வறுத்த அரிசிமா பாதித்தூரமே வந்த பொருள். ஈரம் வற்றும்படி வறுத்தோமேயன்றி, அதனை நாம் வேகவைக்கவில்லை. நீராவியில் அவியும்போதே அது உணவாகின்றது. துணியிற் கட்டி அவித்த கோதுமைமாவும் அத்தகையதே. இவ்விரண்டையும் சுடுநீரிற் குழைத்துக் குழந்தைக்குக் கொடுத்தல் கூடாது. வீட்டில் வறுத்தரைத்த சத்துமாவை ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கூழாகக் காய்ச்சியே கொடுக்க வேண்டும். ஒரு வயது கடந்த பிள்ளைக்கு, தானியமும் பயறும் உட்புறம்வரை மொறுமொறுப்பாகும்படி நன்றாக வறுத்தரைத்த மாவாயின், கொதிநீர் விட்டுக் குழைத்துக் கொடுக்கலாம். சோயாவும் பெரிய அவரை வகைகளும் வெறும் வறுவலில் தம் தீய குணம் நீங்காதவை. அவற்றை வீட்டுச் சத்துமாவில் சேர்க்காதிருத்தலே நன்று.

தானியத்தைத் தெரிந்துகொண்டோம். அடுத்து நீர். தீக் கண்ட தானியத்தைத் தீக் காணாத நீரிற் குழைத்தால் முன் செய்த நன்மையெல்லாம் வீணாகும். அவலில் இல்லாத கிருமி கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் இருக்கலாம். வயிற்றோட்டத்தால் ஒரு குழந்தை ஒரு கிழமையில் இழக்கும் நிறையை மீண்டும் ஏற்ற ஒரு மாதம் போதாதிருக்கும். அவ்விழப்பு உயிருக்கே ஊறாக முடிதலும் உண்டு. ஆகவே, காலையில் அடுப்பெரியும்போது நீரைக் குமிழ்விட்டுத் துள்ளும்படி கொதிக்கவைத்து, கழுவிய சுடுநீர்ப் போத்தலில் நிரப்பி வையுங்கள். பகல் முழுதும் அது உங்களுக்கு அடுப்பின் வேலையைச் செய்யும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். குழந்தையின் கையையும் கழுவுங்கள். கிண்ணமும் கரண்டியும் கொதிநீர் கண்டவையாக இருக்கட்டும். பாற்போத்தலும் சூப்பியும் வேண்டவே வேண்டாம். அவற்றின் இடுக்குகளிற் பதுங்கும் அழுக்கைக் கழுவி நீக்குதல் மிகக் கடினம்.

எப்பொழுது தொடங்குவது? ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலோடு திட உணவையும் கொடுக்கத் தொடங்கி, இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். ஆறு முதல் எட்டு மாதம்வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பது மாதத்தின்பின் மூன்று நான்கு வேளையும் உணவு வேண்டும். இவற்றினிடையே பசிக்கேற்ப ஒன்று அல்லது இரண்டு சிற்றுணவு கொடுக்கலாம். நான் இன்று கூறுவன இச்சிற்றுணவுகளே. சோறும் பருப்பும் கீரையும் மீனும் முட்டையும் சேர்ந்த வேளையுணவின் இடத்தை இவை பிடித்துக்கொள்ளல் ஆகாது.

பதம் பற்றியும் ஒரு சொல். எட்டுக் கிலோ நிறையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளையில் ஏறத்தாழ 240 மில்லிலீற்றர் அளவே கொள்ளும். ஒரு சிறு கோப்பை அளவென்று கொள்ளுங்கள். அவ்விடத்தை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் குழந்தை வயிறு நிறைந்து உறங்கும். உடம்போ பட்டினி கிடக்கும். கரண்டியை மெல்லச் சரித்தால் வழிந்தோடாமல் தங்கி நிற்பதே ஏற்ற பதம். ஆறாம் ஏழாம் மாதங்களில் மழமழவென்று மசித்தும், எட்டு ஒன்பதாம் மாதங்களில் சிறு கட்டிகள் இருக்கும்படியும், ஒரு வயதளவில் கையாற் பிடித்துண்ணும்படியும் கொடுத்துவரல் வேண்டும். எப்போதும் மசித்தே ஊட்டிய பிள்ளை மெல்லக் கற்பதற்குப் பிந்தும்.

இனிச் செய்முறைகளைக் கூறுகின்றேன். தாளும் பென்சிலும் அருகில் வைத்திருப்போர் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, அவலும் வாழைப்பழமும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு ஏற்றது. மெல்லிய அவல் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, கல்லும் உமியும் நீக்கி, கொதித்தாறிய நீரில் ஒருமுறை அலசுங்கள். பின் சுடுநீர்ப் போத்தலிலிருந்து அவல் மூழ்கும்வரை நீர்விட்டு மூடி, பதினைந்து நிமிடம் வையுங்கள். தடித்த சிவப்பு அவலாயின் அரை மணி நேரம் வேண்டும். விரலிடையில் நசுக்கினால் கட்டியின்றி மசிய வேண்டும், அதுவே அடையாளம். ஊறியதைச் சுத்தமான வடிதட்டில் இட்டுக் கரண்டியால் தேய்த்து மசித்து, நன்றாகப் பழுத்த கதலிப்பழம் பாதியையும் மசித்துச் சேர்த்து, பதத்துக்கேற்பத் தாய்ப்பால் விட்டுக் குழையுங்கள். தாய்ப்பால் சேர்ந்ததை அப்பொழுதே ஊட்டிவிட வேண்டும். சீனி வேண்டாம், பழத்தின் இனிமையே மிகுதி.

இரண்டாவது, ஓட்ஸும் பப்பாசியும் தயிரும். ஏழு எட்டு மாதக் குழந்தைக்கு ஏற்றது. ஓட்ஸ் செதில் இரண்டு மேசைக்கரண்டியைக் கையால் நொறுக்கி அல்லது உலர்ந்த உரலில் இடித்துப் பொடியாக்கி, கொதிநீர் நான்கு மேசைக்கரண்டி விட்டு மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். ஆறியபின், காய்ச்சிய பாலில் உறைந்த புதுத்தயிர் இரண்டு மேசைக்கரண்டியும், மசித்த பப்பாசிப்பழம் இரண்டு மேசைக்கரண்டியும் கலந்துகொள்ளுங்கள். தானியத்திலுள்ள இரும்புச் சத்து தானாக எளிதில் உடம்பிற் சேராது. பப்பாசி, மாம்பழம், தோடம்பழம், கொய்யா ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி அதனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். ஆகவே எத்தானிய உணவோடும் ஒரு பழம் சேர்த்தல் நல்வழக்கம். பசுப்பாலைப் பொறுத்தவரை, உணவிற் கலக்கச் சிறிதளவு பயன்படுத்தலாம். ஒரு வயது நிறையுமுன் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கோப்பை கோப்பையாகக் குடிக்கக் கொடுத்தல் தகாது.

மூன்றாவது, பொரிமாவும் மாம்பழமும். எட்டு மாதத்தின்பின் கொடுக்கலாம். உப்பிடாத அரிசிப்பொரி அரைக் கோப்பை எடுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். நெற்பொரியாயின் சுளகிற் புடைத்து, ஒட்டியிருக்கும் உமியை ஒவ்வொன்றாக நீக்குதல் வேண்டும். ஓர் உமித்துண்டு தொண்டையிற் சிக்கினாலும் குழந்தை பெரும் துன்பப்படும். பொடித்த பொரியில் வெந்நீர் சிறிது தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நார் நீக்கி மசித்த மாம்பழச் சதை மூன்று மேசைக்கரண்டியும், தேங்காயெண்ணெய் அல்லது நெய் ஒரு தேக்கரண்டியும் சேர்த்துக் குழையுங்கள். பொரி காற்று நிறைந்த பொருள். கோப்பை நிறைய இருந்தாலும் அதன் நிறை அற்பம். அக்குறையை எண்ணெயும் நெய்யும் ஈடுசெய்கின்றன. சிறிய வயிற்றுக்குள் மிகுந்த ஆற்றலைப் புகுத்தும் எளிய வழி அது.

நான்காவது, திரிபோஷாப் பிடி. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு ஏற்றது. திரிபோஷா நான்கு மேசைக்கரண்டி, மசித்த வாழைப்பழம் ஒன்று, அப்பொழுது துருவிய தேங்காய்ப்பூ ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். இறுக்கமாக இருப்பின் கொதித்தாறிய நீர் ஒரு கரண்டி விடலாம். பிசைந்ததை உருண்டையாகப் பிடிக்காது விரல்போல் நீட்டிப் பிடியுங்கள். உருண்டையான பொருள் மூச்சுக்குழலை அடைப்பதற்கு இடமுண்டு; நீட்டிப் பிடித்ததைப் பிள்ளை கையிற் பற்றிக் கடித்துண்ணும். துருவிய தேங்காய் நம் வெப்பத்தில் விரைவிற் புளிக்குமாதலால் உடனே உண்பித்துவிட வேண்டும். சுகாதார நிலையத்தில் ஒரு பிள்ளைக்கென்று கொடுக்கப்படும் திரிபோஷா நிறை குறைந்த அப்பிள்ளைக்கு மருந்துபோன்றது. வீட்டார் எல்லோரும் பங்கிட்டுக்கொண்டால் எவர்க்கும் பயன்படாது போய்விடும்.

ஐந்தாவது, அவலும் எள்ளும் பேரீச்சம்பழமும். இதுவும் ஒரு வயது கடந்த பிள்ளைகளுக்கே. முன்னொரு நாள் அடுப்பெரிந்தபோது வறுத்துப் பொடித்து வைத்த அவல் மூன்று மேசைக்கரண்டி, வறுத்து நன்றாக அரைத்த எள்ளு ஒரு மேசைக்கரண்டி, கொட்டையும் தோலும் நீக்கி வெந்நீரில் ஊறவைத்து மசித்த பேரீச்சம்பழம் மூன்று ஆகியவற்றைப் பிசைந்து மென்மையாகப் பிடியுங்கள். நம் அம்மம்மாமாரும் அப்பாச்சிமாரும் செய்த எள்ளுப்பாகின் சாயல் இதில் உண்டு; சர்க்கரையும் வெல்லமும் இல்லாமலே இனிக்கும். தானியப் புரதத்திற் குறைவாக உள்ள லைசீன் என்னும் கூறு பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் நிறைவாக உண்டு. ஆகவே இவ்வுணவோடு ஒரு சிறு கோப்பை காய்ச்சிய பாலோ, மதிய உணவுக்கு அவித்து வைத்த முட்டையிற் பாதியோ சேர்த்துக் கொடுங்கள். பசியும் தீரும், சதையும் வைக்கும்.

இனி, எச்சரிக்கையாக நினைவிற் கொள்ளவேண்டியன சில.

தேன் இயற்கையானது, தூயது என்று நம்புவோர் பலர். ஆயினும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. தேனில் மறைந்திருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, முற்றாத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி நரம்புகளைத் தளர்த்திவிடும். பெரியோரின் குடலில் அது முளைப்பதில்லை. ஆதலாற்றான் நாம் அதன் தீங்கை அறியாதிருக்கின்றோம். உப்பும் சீனியும் ஒரு வயதுவரை சேர்க்கவேண்டா.

முழுக் கச்சான் கொட்டை, முழுக் கடலை, சோளப்பொரி, கட்டித்த பாகில் உருட்டிய பண்டம் ஆகியவற்றை ஐந்து வயதுவரை கையில் கொடுத்தல் தவறு. அதற்காகக் கச்சானையே விலக்கவேண்டுமென்பதில்லை. 2015ஆம் ஆண்டு வெளிவந்த இலண்டன் ஆய்வொன்று, ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்குக் கச்சானை முதலாம் ஆண்டிலேயே தகுந்த வடிவிற் கொடுத்துவருதல் அவ்வொவ்வாமையைப் பெரிதுங் குறைப்பதாகக் காட்டிற்று. நன்றாக அரைத்த கச்சான் விழுதை வெந்நீரில் நெகிழ்த்தி, கால் தேக்கரண்டியளவு கூழிற் கலந்து தொடங்கலாம். முன்னரே கடுமையான கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையாயின் வைத்தியரைக் கேட்டே தொடங்குக. எப்புது உணவையும் தனியாகக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்த்தபின் அடுத்ததைக் கொடுங்கள்.

பிள்ளையை நிமிர்ந்து இருக்கவைத்தே ஊட்டுங்கள். படுத்திருக்கையிலும் ஓடுகையிலும் அழுகையிலும் வாயிலிட்ட உணவு வழிதவறிப் போகும். உண்ணும்போது பெரியோர் ஒருவர் அருகில் இருத்தல் கட்டாயம்.

ஊறவைத்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். குழந்தையின் வாய்பட்ட கரண்டி தொட்ட மீதியை அடுத்த வேளைக்கென்று மூடிவைப்பது சிக்கனம் அன்று, நோய்க்கு அழைப்பு. குறைவாகவே குழையுங்கள், வேண்டுமாயின் மீண்டும் குழைத்துக்கொள்ளலாம்.

உலர்ந்த தானியத்தை இறுக மூடிய பேணியில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுங்கள். பூஞ்சணம் பிடித்த, மக்கிய மணமுள்ள, கைப்புச் சுவை தட்டிய சோளத்தையும் கச்சானையும் வெயிலிற் காயவைத்தோ வறுத்தோ மீட்க முயலாதீர்கள். பூஞ்சணம் விட்டுச் செல்லும் அப்ளதொக்சின் என்னும் நஞ்சு நம் அடுப்பின் வெப்பத்துக்கு அழிவதன்று, ஈரலைத் தாக்குவது. தீயாலும் தீராத கேடு சில உண்டு என்பதற்கு இதுவே சான்று. எத்தானியமாயினும் நாள்தோறும் ஒன்றையே கொடாது, அரிசி ஒரு நாள், ஓட்ஸ் ஒரு நாள், குரக்கன் கூழ் ஒரு நாள் என மாற்றிக் கொடுத்துவருக.

வயிற்றோட்டம் கண்டாலும் உணவை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலைத் தொடருங்கள், ஜீவனிக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள், மசித்த உணவையும் அடிக்கடி கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, குழந்தை சோர்ந்து பாலுண்ண மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுதலே கடன்.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், "இதற்கு ஒரு பிஸ்கற் பொதியே எளிதன்றோ?" என்று வினவலாம். எளிதுதான். ஆயினும் கணக்கைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு மாதம்வரை தாய்ப்பாலுக்கு மேலாகக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். ஒன்பது முதல் பதினொரு மாதம்வரை 300. ஒரு வயதின்பின் 550. இச்சிறு தொகைக்குள்ளேயே எலும்புக்கும் குருதிக்கும் மூளைக்கும் வேண்டிய எல்லாம் அடங்கியிருத்தல் வேண்டும். பெரியோராகிய நாம் ஒரு பிஸ்கற்றை உண்டால் நம் உணவில் அது ஒரு மூலை. குழந்தை உண்டாலோ அன்றைய உணவின் ஒரு பெரும் பங்கு சீனியாகிப் போய்விடுகின்றது. முதல் இரண்டாண்டில் மூளை வளரும் வேகம் பின்னர் ஒருபோதும் வருவதில்லை. அக்காலத்தில் இரும்புச் சத்தில் நேரும் குறையைப் பிற்காலத்து உணவால் முற்றாக நிரப்புதல் அரிது.

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைக்கென்று ஒரு சிறு பேணியை ஆயத்தமாக வைக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றேன். அதற்குள்ளே துப்புரவாக்கிய அவல் ஒரு பொதி, பொடித்த ஓட்ஸ் ஒரு சிறு போத்தல், வறுத்தரைத்த எள்ளு சிறிது, பேரீச்சம்பழம் சில, குழந்தைக்குரிய கிண்ணமும் கரண்டியும், ஒரு துண்டுச் சவர்க்காரமும் இருக்கட்டும். பக்கத்திலே சுடுநீர்ப் போத்தல் ஒன்று இருக்கட்டும். மாதம் ஒருமுறை பேணியைத் திறந்து பழையதை உண்டு புதியதை நிரப்புங்கள். மழை வந்தாலும், பயணம் வந்தாலும், எரிவாயு தீர்ந்தாலும், பதினைந்து நிமிடத்தில் உங்கள் பிள்ளைக்கு நல்லுணவு கிடைக்கும். தாய் வீட்டில் இல்லாத வேளையில் தந்தையாரும் மூத்த பிள்ளைகளும் இதனைச் செய்யலாம். கத்தியும் தீயும் வேண்டாத வேலையாதலால், செய்யத் தெரியாது என்று ஒதுங்குதற்கு எவர்க்கும் இடமில்லை.

குழந்தையின் நிறை ஏறுகின்றதா என்பதை மாதந்தோறும் நிலையத்தில் நிறுத்து, வளர்ச்சிப் பதிவேட்டிலுள்ள கோட்டிற் குறிப்பித்துக்கொள்ளுங்கள். கோடு ஏறுமுகமாக இருப்பின் நீங்கள் ஊட்டுவது சரியென்று அறியலாம். படுத்தாலோ இறங்கினாலோ உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றே கேளுங்கள்.